மெயின் ஃபங்ஷனுக்கு முன்னாடி ஆர்க்விய (argv, கமாண்ட்ல அடிச்ச வார்த்தைங்களோட வரிசை) யாரு நிரப்புறாங்க?

கடலூர் ஓல்டு டவுன்:
அண்ணே, லினக்ஸ்ல ./பஸ் கடலூர் பாண்டி னு அடிச்சா ஆர்க்சி (argc, அந்த வார்த்தைங்களோட எண்ணிக்கை) 3னு வருது, நான் கொடுத்தது ரெண்டுதானே? சி கோட்ல நான் எங்கயும் எதையும் செட் பண்ணல.

லாஸ்பேட்டை:
தம்பி, ஆர்க்வில 0வது இடத்துல ப்ரோகிராம் பேரு உக்காந்திருக்கு, அதான் 3. ஷெல் (நீ கமாண்ட் அடிக்கிற ப்ரோகிராம்) நீ அடிச்ச வரிய பிரிச்சு கெர்னல்கிட்ட (லினக்ஸோட மையப் பகுதி) குடுக்கும், கெர்னல் புது ஸ்டாக்ல (ப்ரோகிராமோட மெமரில ஒரு பகுதி) ஆர்க்சி, அப்புறம் அந்த வார்த்தைங்கள காட்டுற பாயிண்டர் வரிசை, முடிவ காட்ட ஒரு நல் (காலி பாயிண்டர்), அதுக்கு மேல என்விரான்மென்ட் (PATH மாதிரி செட்டிங்ஸ்)னு அடுக்கி வச்சிடும், அப்புறம் உன் ப்ரோகிராம்ல முதல்ல ஓடுறது மெயினே இல்ல, _ஸ்டார்ட் (_start), அது ஸ்டாக்ல இருந்து எடுத்து சி லைப்ரரிக்கு குடுக்க, லைப்ரரிதான் மெயின கூப்பிடுது. ரொம்ப அழகான வேலை இது, ஜிடிபில (gdb டீபக்கர்) _ஸ்டார்ட்ல நிறுத்தி பாரு.

முதுநகர்:
ஆர்க்வி[ஆர்க்சி] எப்பவும் நல்தான், சி ஸ்டாண்டர்டுலயே இருக்கு. "நெல்லிக்குப்பம் கரும்பு"னு கோட்ஸ் போட்டா ஒரே ஆர்க்யுமென்ட். 25னு குடுத்தாலும் ஸ்ட்ரிங்காதான் வரும், strtol ஃபங்ஷன் வச்சு நம்பரா மாத்திக்கப்பா.