கெட்டில்பெல் பிரஸ்: 16 கிலோ ஏறுது, 20 கிலோ நெற்றிகிட்ட நின்னுடுது

கேள்வி
கெட்டில்பெல்லை (மேல கைப்பிடி வச்ச இரும்புக் குண்டு) ஒரு கையால தோளிலிருந்து தலைக்கு மேல தள்ளுற பிரஸ்ஸில், 16 கிலோவில் ஒரு கைக்கு 6 ரெப் (தடவை) சுத்தமா வருது. 20 கிலோ எடுத்தா நெற்றி உயரம் வரைக்கும் போய் அங்கேயே நின்னுடுது. மணிக்கட்டு பின்னால மடங்குது, இடுப்பும் வளையுது. தோளில் வலி இல்லை. பலம் பத்தலையா, டெக்னிக் தப்பா? நடுவில் 18 கிலோ கிடையாது.

பதில் 1
மணிக்கட்டில் இருந்து ஆரம்பிங்க. கைப்பிடி விரல்களின் அடிப்பகுதியில் உட்கார்ந்தா குண்டு மணிக்கட்டைப் பின்னால இழுக்கத்தான் செய்யும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொடங்கி, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டில் முடியுற மாதிரி குறுக்கா பிடிக்கணும். தடிமனான கையுறை போட்டிருந்தா கழட்டிடுங்க, அது இந்தப் பிடியையே கெடுக்கும்.

அடுத்தது ரேக், அதாவது தள்ளுறதுக்கு முன்னாடி குண்டைத் தோள்கிட்ட வச்சிருக்கிற நிலை. முழங்கை விலாவை ஒட்டி, முன்கை செங்குத்தா, குண்டு முன்கையின் வெளிப்பக்கம் சாய்ஞ்சு இருக்கணும். 20 கிலோவை அங்கே வச்சுக்கிட்டு 30 விநாடி நிதானமா மூச்சு விட முடியலைன்னா பிரஸ் பண்ணாதீங்க.

நெற்றிகிட்ட நிக்கிறது தற்செயல் இல்லை. அந்த இடத்தில் மேல்கை கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கு, தோளுக்குச் சுமை அங்கேதான் அதிகம். அங்கே முன்கை தலைப் பக்கம் சாய்ஞ்சாலோ, முகத்துக்கு முன்னால நகர்ந்தாலோ ரெப் போச்சு. முழங்கை லேசா வெளியே போகட்டும், உள்ளங்கை மெல்ல முன்பக்கம் திரும்பட்டும். ஆனா முழங்கைக்கு நேர் மேல மணிக்கட்டு இருக்கணும். முன்னாலிருந்து ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணுன்னு வீடியோ எடுத்துப் பாருங்க.

பதில் 2
இடுப்பு வளையுறதுக்குக் காரணம், தோளால முடியாததை நெஞ்சு செய்யப் பார்க்குது. பின்னால சாய்ஞ்சா அது இன்க்ளைன் பிரஸ் (சாய்வு பெஞ்சில் சாய்ஞ்சு தள்ளுறது) ஆகிடும். தள்ளுறதுக்கு முன்னாடி பிட்டத்தை இறுக்குங்க, முட்டியை விறைப்பா வைங்க, விலா எலும்பைக் கீழே இழுங்க. பிடிபடலைன்னா 12 கிலோவை எடுத்து, பிரஸ் பண்ற கைப் பக்கத்து முட்டியைத் தரையில் ஊன்றி 3 செட், 5 ரெப். அந்த நிலையில் சாய்ஞ்சா உடனே தள்ளாடும், ஏமாத்த முடியாது.

பதில் 3
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனா கணக்கையும் பாருங்க. 16-லிருந்து 20-க்குத் தாவுறது 25 சதவீதம். எத்தனை ரெப் வருதுங்கிறதை வச்சு, ஒரே ஒரு ரெப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு எடை முடியும்னு கணிக்கிற எப்லி சூத்திரப்படி 16 × (1 + 6/30) = 19.2 கிலோ. 20 நிக்கிறதுல ஆச்சரியமே இல்லை. 9 ரெப் வந்தா 20.8. பலம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

வாரம் 3 நாள் 16 கிலோவில் ஏணி: 1, 2, 3 ரெப், கை மாத்தி மாத்தி. 3 சுற்றில் தொடங்கி 5 சுற்றுக்குப் போங்க (கைக்கு 30 ரெப்). ஒவ்வொரு ரெப்புக்கும் புதுசா ஒரு கிளீன் (குண்டைக் கீழிருந்து ரேக்குக்கு ஏத்துறது). அதில் ஒரு நாள் கடைசியில் 20 கிலோவைப் புஷ் பிரஸ்ஸில் (முட்டியை லேசா மடக்கி, கால் உந்துதலோட தள்ளுறது) ஏத்தி, 5 விநாடி எடுத்து இறக்குங்க. 3 செட், 3 ரெப். முழங்கையை விலாவுக்கே இழுத்துட்டு வர்ற மாதிரி இறக்கணும், தொப்புன்னு விடக்கூடாது.

கேட்டவர்
நன்றி. மணிக்கட்டுக்காக பாட்டம்ஸ் அப் பிரஸ்ஸும் (குண்டு மேல, கைப்பிடி கீழ இருக்கிற மாதிரி தலைகீழா பிடிச்சுத் தள்ளுறது) சேர்க்கலாமா?

பதில் 1
8 கிலோவில், வார்ம் அப்பில் கைக்கு 3 ரெப் போதும். மணிக்கட்டு மடங்கினா குண்டு கவிழ்ந்துடும், அதனால நல்ல வாத்தியார். ஆனா தோளுக்கு முன்னாடி பிடி தளர்ந்துடும்ங்கிறதால 20 கிலோவுக்கு அது வழி இல்லை. குண்டு கவிழ்ற பக்கம் முகத்தை வைக்காதீங்க.