ஏப்ரல் 14: கறுப்பு நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிட்டால் போய் வாருங்கள்

தென்கொரியாவுக்குப் படிக்கவும் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு.

ஏப்ரல் 14 நமக்குப் பெரும்பாலும் சித்திரை முதல் நாள். இங்கே அது ‘பிளாக் டே’. பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள். மார்ச் 14, ‘ஒயிட் டே’ அன்று ஆண்கள் பெண்களுக்கு மிட்டாய் தருவார்கள். இரண்டிலும் ஒன்றும் கிடைக்காமல் தனியாக இருப்பவர்கள் அடுத்த மாதம் ஒன்றுகூடி ஜஜாங்மியான் என்ற கறுப்புக் குழம்பு நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். சிலர் கறுப்பு உடையிலேயே வருவார்கள். அரசு விடுமுறை கிடையாது. புத்தாண்டுக்கு லீவு வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

லேபில் யாராவது “உனக்கு ஆள் இருக்கா?” என்று கேட்டால் சங்கடப்பட வேண்டாம். இங்கே சகஜமான கேள்வி அது. இல்லை என்று சொன்னால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். கட்டாயம் போங்கள். வந்த புதிதில் அறையும் லேபுமாகவே நாள் ஓடிவிடும்; நட்பு பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அன்று வீட்டில் பாயசம் வைத்தால் ஒரு டப்பாவில் எடுத்துப் போய் நம் புத்தாண்டையும் சொல்லுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இன்சோன் துறைமுகம் 1883-இல் திறந்த பிறகு, சீனாவின் ஷாண்டோங் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களின் உணவிலிருந்து பிறந்தது ஜஜாங்மியான். அங்குள்ள சைனா டவுனில் பழைய உணவகக் கட்டடம் ஒன்றே இப்போது இதற்கான அருங்காட்சியகம். சுன்ஜாங் என்ற கறுப்பு சோயா விழுதை எண்ணெயில் வதக்கி, வெங்காயமும் பன்றி இறைச்சியும் சேர்த்துச் செய்யும் குழம்பை கெட்டியான கோதுமை நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள். காரம் துளிகூட இருக்காது, லேசாக இனிக்கும். கிண்ணம் வந்ததுமே நன்றாகக் கிளறிவிடுங்கள், இல்லையென்றால் நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளும். கூடவே மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும் பச்சை வெங்காயமும் வரும்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் இதை நினைவில் வையுங்கள். சாதாரண ஜஜாங் குழம்பைப் பெரிய பாத்திரத்தில் முன்பே செய்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து இறைச்சியை நீக்க முடியாது. ‘கான்ஜஜாங்’ கேளுங்கள். அது ஆர்டர் கொடுத்த பிறகு வதக்குவது. “கோகி பே ஜுசெயோ” என்றால் இறைச்சி போடாமல் தரச்சொல்லிக் கேட்கலாம். ஆனால் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், எண்ணெயையும் விசாரியுங்கள்.

சுத்த சைவமோ ஹலாலோ என்றால் கடையை நம்புவதைவிட அறையிலேயே சமைத்து நண்பர்களைக் கூப்பிடுங்கள். சுன்ஜாங் எந்த மார்ட்டிலும் கிடைக்கும். லேபிளை போனில் மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குங்கள். விழுதை நிறைய எண்ணெயில் முதலில் தனியாக வதக்கினால்தான் கசப்பு போகும். அப்புறம் வெங்காயம், கோஸ், உருளைக்கிழங்கு போட்டு, கொஞ்சம் சர்க்கரையும் ஸ்டார்ச் கரைத்த தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க விட்டால் போதும்.