ஒரு செய்தி ஃபீட் மட்டும் ரெண்டு வாரமா வரல, 403 (அனுமதி இல்லை) பிழை காட்டுது, உதவுங்க

கூகுள் ரீடரை 2013ல மூடினதுக்கு அப்புறமும் நான் ஆர்எஸ்எஸ்ஸை (பல சைட்டோட புது செய்தியை ஃபீடா ஒரே இடத்துல வாங்குற முறை) விடல, காலைல செய்தி படிக்கிறது இன்னிக்கும் அதுலதான். இப்ப மதுரைல வீட்ல ராஸ்பெர்ரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ங்கிற ஃபீட் படிக்கிற சாஃப்ட்வேர் போட்டு 38 ஃபீட் ஓடுது, மத்ததெல்லாம் ஒழுங்கா வருது, ஒரு மாவட்ட செய்தி சைட் மட்டும் ரெண்டு வாரமா அப்படியே நிக்குது. கடைசியா வந்தது வைகை அணை நீர்மட்டம் பத்தி ஒரு தலைப்பு, அதுக்கு மேல ஒண்ணும் ஏறல. அப்பாவுக்கு மேலூர் பக்கம் வயல், தண்ணி திறக்குற செய்தி இதுலதான் சீக்கிரம் வரும், அதான் விட மனசில்ல.

லாக்ல 403னு இருக்கு. ஆனா அதே லிங்க்கை போன் பிரவுசர்ல போட்டா ஃபீடோட எக்ஸ்எம்எல் ஃபைல் அழகா திறக்குது, இன்னிக்கு செய்தி வரைக்கும் இருக்கு.

ஃபீடை அழிச்சு திரும்ப சேர்த்தேன், ரெஃப்ரெஷ் 20 நிமிஷத்துல இருந்து 2 மணி நேரமா மாத்தி மூணு நாள் விட்டுப் பாத்தேன், மொபைல் ஹாட்ஸ்பாட்லயும் அதே கதைதான். யூசர் ஏஜென்ட்டை (எந்த சாஃப்ட்வேர் கேக்குதுனு சைட்டுக்கு சொல்ற பேர்) பிரவுசர் மாதிரி மாத்தினா 403 போயிடுது, ஆனா ஃபீடுக்கு பதிலா ‘நீங்க மனுஷங்கதானா’னு செக் பண்ற பக்கம் வந்து நிக்குது. சைட்டுக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதில் இல்ல.

இந்த மாதிரி பாட் தடுப்பு போட்ட சைட்டோட ஃபீடை வீட்டு சர்வர்ல வர வெச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா, என்ன செட்டிங் மாத்துனீங்க?