குரோமியம் டிரைஅயோடைடு: 61 கெல்வினுக்குக் கீழே இன்னொரு மேடு, என்ன காரணம்? (அவசரம்)

பனிக்கூண்டு:
வணக்கம். குரோமியம் டிரைஅயோடைடு படிகத்தை ஸ்குவிடில் (காந்தத்தன்மையை மிக நுணுக்கமாக அளக்கும் கருவி) போட்டு அளந்தேன். 61 கெல்வின் பக்கத்தில் ஃபெர்ரோகாந்த மாற்றம் சரியாக வருகிறது. ஆனால் 50 பக்கத்தில், வெப்பநிலையோடு காந்தமாக்கல் மாறுவதைக் காட்டும் வளைவில் சின்னதாக ஒரு மேடு. புதுக் காந்தக் கட்டமா? நாளைக்கு கைடிடம் காட்ட வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

தென்றல்77:
காந்தப்புலம் எவ்வளவு? குளிர்விக்கும்போதா, சூடாக்கும்போதா? புலம் சி-அச்சு (அடுக்குகளுக்குச் செங்குத்தான திசை) வழியாகவா, அடுக்குகளின் தளத்திலா?

பழையகை:
தம்பி, ஆக்சிஜன். இங்கே மாதத்துக்கு ஒருவர் இதையே கேட்கிறார். மாதிரியைத் தொங்கவிடும் ஸ்ட்ராவுக்குள் கேப்ஸ்யூலைச் செருகும்போது காற்றும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் பாராகாந்தம் (புலம் இருக்கும்போது மட்டும் லேசாகக் காந்தமாகும்), 54.4 கெல்வினில் உறையும், 43.8-இல் காமா என்ற திண்ம வடிவத்திலிருந்து பீட்டாவுக்கு மாறும், அந்த இடத்தில் ஏற்புத்திறன் (புலத்துக்கு எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) தடாலென்று விழும். புதுக் கட்டம் என்று சொல்வதற்கு முன் காலிக் கேப்ஸ்யூலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம், இப்போதெல்லாம் அதை யாரும் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

கல்லணை:
2017-இல் ஒற்றை அடுக்குக்கு மாற்ற வெப்பநிலை 45 கெல்வின் என்று வந்ததே! படிகம் உரிந்து தனித்தனி அடுக்காகப் போயிருக்கலாம்.

தென்றல்77:
@கல்லணை அதை லேசர் வைத்து, கெர் விளைவில் (காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் தளம் லேசாகச் சுழல்வது) பார்த்தார்கள். ஒற்றை அடுக்கு ஒரு துணுக்கின் சிக்னல் ஸ்குவிடின் இரைச்சலில் காணாமல் போய்விடும்.

இழை:
ஆக்சிஜன் என்று இவ்வளவு அடித்துச் சொல்ல வேண்டாம். இந்தச் சேர்மத்தின் தடித்த படிகத்திலேயே 45-50 பக்கத்தில் ஒரு மடிப்பு வரும். உள்ளே இருக்கும் அடுக்குகள் குளிரும்போது ரோம்போஹெட்ரல் என்ற அடுக்குமுறைக்கு மாறிவிடுகின்றன, மேற்பரப்பில் உள்ளவை மட்டும் மோனோகிளினிக் என்ற பழைய அடுக்குமுறையிலேயே நின்றுவிடுகின்றன. அங்கே அடுக்குக்கு அடுக்கு காந்தத்திசை எதிரெதிராக அமையும்.

பழையகை:
கட்டுரை படித்தால் மட்டும் போதாது, ஸ்ட்ராவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இழை:
சரி, கையில் எடுத்தவரே சொல்லுங்கள், 43.8-இல் வர வேண்டியது 50-க்கு எப்படிப் போனது?

பழையகை:
வெப்பமானி இருப்பது ஒரு இடம், மாதிரி தொங்குவது இன்னொரு இடம். நிமிடத்துக்கு 5 கெல்வின் வேகத்தில் ஓட்டினால் எல்லாமே நகரும். குளிர்விக்கும்போது ஒரு இடத்தில், சூடாக்கும்போது வேறொரு இடத்தில் மேடு வந்தால் அது ஆக்சிஜன்தான்.

இழை:
அப்படியானால் 61-உம் நகர்ந்திருக்க வேண்டுமே? அது மட்டும் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்குமா?

கல்லணை:
இரண்டு பேரும் தனியாக ஒரு திரி திறந்து சண்டை போடுங்களேன், பாவம் அந்தப் பிள்ளை.

பனிக்கூண்டு:
மன்னிக்கவும், லேபில் இருந்தேன். 1000 ஓர்ஸ்டெட், சூடாக்கும்போது. அச்சு எதுவென்று பார்க்கவில்லை, சில்லுகளை அப்படியே கேப்ஸ்யூலில் கொட்டினேன். காற்றுப் புகாத கிளவ் பாக்ஸில் வேறு ஆள் வேலை செய்துகொண்டிருந்ததால் வெளியிலேயே மூடி டேப் சுற்றிவிட்டேன்.

தென்றல்77:
வெளியிலா? அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் பொருள், முதலில் அந்தச் சில்லுகள் பளபளப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரம் மங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுங்கள். கேப்ஸ்யூலை கிளவ் பாக்ஸுக்குள் மூடி, ஊசியால் ஒரு துளை போடுங்கள், ஸ்ட்ராவிலும்தான். துளை இல்லாவிட்டால் எத்தனை முறை ஹீலியம் பர்ஜ் (ஹீலியத்தை விட்டுக் காற்றை வெளியேற்றுவது) கொடுத்தாலும் உள்ளே இருக்கிற காற்று அங்கேயேதான் இருக்கும். அப்புறம் மேட்டைத் தாண்டி இரு திசையிலும் மெதுவாக ஓட்டுங்கள்.

பனிக்கூண்டு:
துளை போட்டு, பர்ஜ் செய்து மறுபடி ஓட்டினேன். மேடு போய்விட்டது. 46 பக்கத்தில் லேசாக ஒரு மடிப்பு மட்டும் இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி!

பழையகை:
சொன்னேனே.

இழை:
மடிப்பு இருக்கிறது என்கிறார், அதைப் படிக்கவில்லையா? @பனிக்கூண்டு ஒரு தனிப் படிகத்தை எடுத்து, புலத்தை சி-அச்சு வழியாக 2 டெஸ்லாவுக்கு மேல் ஏற்றி அதே வளைவை எடுங்கள். மேற்பரப்பு அடுக்குகள் என்றால் அவையும் புலத்தின் பக்கம் திரும்பி மடிப்பு மறைந்துவிடும். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் புலத்தோடு சேர்ந்து அதுவும் பெரிதாகும்.

தென்றல்77:
வளைவு கிடைத்தால் இங்கே போடுங்கள், இரு திசையிலும்.