ஆச்சி வீட்டுப் பிஸ்கற் பேணி

குழு: உரும்பிராய்ச் சொந்தங்கள்
சனிக்கிழமை

நிலா, காலை 7:04
எல்லாருக்கும் வணக்கம். ஆச்சியின்ர அறை அலுமாரி ஒருமாதிரி ஒதுக்கி முடிச்சிட்டன். கீழ் லாச்சிக்குள்ள ஒரு பிஸ்கற் பேணி கிடந்தது, பழைய வேட்டித் துண்டால சுத்திக் கட்டி. உள்ளுக்க கிடக்கிறதுகள் என்னெண்டே விளங்கேல்லை. படம் போடுறன், பாத்துச் சொல்லுங்கோ. பழைய இரும்புக்காரர் 10 மணிக்கு வாறார். பித்தளையும் கிலோக் கணக்கில எடுப்பாராம்.

நிலா, 7:05
[படம்] மூக்கு வச்ச பித்தளைப் பாத்திரம். இது பேணிக்கு வெளியில தனியாக் கிடந்தது.

நிலா, 7:05
[படம்] பித்தளைப் பிடி. ஒரு பக்கத்தால சின்னக் கத்தி, மற்றப் பக்கத்தால ஊசி மாதிரி இரும்புக் கம்பி. ரெண்டும் மடிஞ்சு பிடிக்குள்ள போகுது.

நிலா, 7:06
[படம்] ஒரே அளவில ரெண்டு மரச்சட்டம். ஒவ்வொண்டிலயும் ரெண்டு ஓட்டை. கூடவே ஓட்டை போட்ட ஒரு செப்புக்காசு.

பெரியம்மா ரொறன்ரோ, 7:11
முதலாவது மூக்குப்பேணி மோனை. வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிறது. ஐயாவுக்கு அதிலதான் தேத்தண்ணி குடுக்கிறனாங்கள். அதைக் குடுத்துப்போடாத.

பெரியம்மா ரொறன்ரோ, 7:12
ரெண்டாவது சத்தகம். அம்மா பாய் இழைக்கேக்க, நீத்துப்பெட்டி பின்னேக்க வச்சிருப்பா. கத்தியால ஓலை வாருறது, கூரால ஓலையைக் கிளப்பிக் கோக்கிறது.

ரூபன் லண்டன், 7:15
சட்டம் ரெண்டும் அடிமட்டமோ?

நிலா, 7:16
அளவுக்கோடு ஒண்டும் இல்லை அண்ணா. என்ர ரெண்டு சாண் நீளம் வரும். அகலம் மூண்டு விரல் காணாது.

சுதா சித்தி கொழும்பு, 7:20
காசு பிள்ளையளுக்கு அரைநாணில கட்டினதா இருக்கும். எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கு. புளியும் சாம்பலும் போட்டு வடிவா மினுக்கிப்போட்டுப் படம் எடு, அப்பதான் தெரியும்.

சின்னமாமா கரவெட்டி, 7:22
மினுக்கக் கூடாது. பிள்ளை நிலா, புளி கையில எடுத்திட்டியோ?

நிலா, 7:22
இல்லை மாமா. தூசு மட்டும் தட்டினனான்.

சின்னமாமா கரவெட்டி, 7:25
நல்ல காலம். உந்தக் கறுப்பும் தேய்மானமும்தான் அதை என்னத்துக்குப் பாவிச்சவை எண்டு சொல்லும். மினுக்கினா வெறும் பித்தளைதான் மிஞ்சும். இப்ப கேக்கிறதுக்கு ஒவ்வொண்டாப் பாத்துச் சொல்லு. கம்பியின்ர நுனி தட்டையோ, உருண்டையோ?

நிலா, 7:28
உருண்டை. நல்ல மெல்லிசு. ஆனா விரல் வச்சா ஊசி மாதிரிக் குத்தேல்லை.

சின்னமாமா கரவெட்டி, 7:33
அக்கா, அப்ப அது சத்தகம் இல்லை. சத்தகத்தின்ர கூர் இதைவிடத் தடிப்பு, ஓலைக்கு இடையில விட்டுக் கிளப்பவேணுமெல்லோ. அம்மாவின்ர சத்தகம் மடியிறதும் இல்லை. இது மடக்கெழுத்தாணி. ஓலையில எழுதுற ஆணி. ஆகக் கூரா இருந்தா ஓலை கிழிஞ்சுபோகும், மொட்டையா இருந்தா எழுத்து விழாது. கத்தி ஓலையின்ர ஓரம் வெட்டிச் சீராக்க.

பெரியம்மா ரொறன்ரோ, 7:35
அம்மா அதால ஓலை வாரினதை நான் கண்ணால கண்டனான் தம்பி.

சின்னமாமா கரவெட்டி, 7:37
வாரியிருப்பா அக்கா. கத்தி நல்ல கத்திதானே. ஆனா செய்தது அதுக்கில்லை. நிலா, பிடியில எங்கயாவது தேஞ்சு குழிஞ்சிருக்கோ?

நிலா, 7:41
[படம்] ஓம் மாமா! கம்பிப் பக்கமா ஒரு இடம் வழுவழுப்பாக் குழிஞ்சு கிடக்கு. என்ர பெருவிரலை வச்சுப் பாத்தன், அப்பிடியே உள்ளுக்க இருக்குது.

சின்னமாமா கரவெட்டி, 7:48
அந்த விரல் எத்தனை வருசம் எழுதியிருக்கவேணும் எண்டு யோசி. பேனையால எழுதுற மாதிரி இல்லை அது. ஓலையை இடக்கையில பிடிச்சு, இடது பெருவிரல் நகத்தில சின்னப் பள்ளம் வெட்டி, அதில ஆணியைத் தாங்கி எழுதுவினம். ஆணி கனதூரம் போகாது, ஓலைதான் நகரும். புள்ளி குத்தினா ஓலை பொத்துப்போகும் எண்டு மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் விட்டிருக்கினம்.

ரூபன் லண்டன், 7:52
காசை நான் பெருப்பிச்சுப் பாத்தன். ஒரு பக்கம் பெரிய வி, அதின்ர ரெண்டு கையிலயும் ஓ, சி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின்ர முத்திரை. கீழ வருசத்தில 17 மட்டும் தெரியுது. மற்றப் பக்கம் முடி வச்ச கேடயம்.

சின்னமாமா கரவெட்டி, 7:56
அதுதான் துட்டு. எங்கட துட்டு எண்ட சொல்லே அவங்கட டொயிற்றில இருந்து வந்தது. நிலா லாச்சி எண்டு எழுதினாளே, அதுவும் ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன சொல்தான். 1658 இலயிருந்து 1795 மட்டும் யாழ்ப்பாணம் அவங்கட கையில.

ரூபன் லண்டன், 7:57
அப்ப எழுத்தாணியும் அந்தக் காலத்துச் சாமானோ மாமா?

சின்னமாமா கரவெட்டி, 8:01
அப்பிடிச் சொல்லேலாது. பழங்காசை நூறு வருசம் கழிச்சும் எடுத்து ஓட்டை போடலாம். காசில இருக்கிற வருசம் காசுக்கு மட்டும்தான். நிலா, ஓட்டை விளிம்பிலயோ நடுவிலயோ?

நிலா, 8:02
சரி நடுவில. ஓட்டைக்குள்ள நூல் முடிச்சு ஒண்டு இறுகிக் கிடக்கு. இழுத்து எடுக்கவோ?

சின்னமாமா கரவெட்டி, 8:02
தொடாத!

சின்னமாமா கரவெட்டி, 8:06
சுதா, அரைநாணுக்கெண்டா விளிம்பிலதான் ஓட்டை வரும், தொங்கவேணுமே. நடுவில போட்டா அது தடை. கயிறு ஓட்டைக்குள்ளால உருவிப் போகாமல் நிக்கிறதுக்கு. நிலா, இப்ப சட்டம் ரெண்டையும் திருப்பிப் பார். கறுப்பு ரெண்டு பக்கமும் கிடக்கோ?

நிலா, 8:12
[படம்] இல்லை மாமா. ரெண்டிலயும் ஒரு பக்கம் மட்டும்தான் கறுப்பு. அடுப்படிப் புகை எண்டு நினைச்சன். மற்றப் பக்கம் மரநிறம் அப்பிடியே கிடக்கு. கறுப்பு ரெண்டையும் முகம் பாக்க வச்சா ஓட்டையளும் நேருக்கு நேர் வருது.

சின்னமாமா கரவெட்டி, 8:19
அது புகை இல்லை பிள்ளை, மை. ஆணியால கீறின எழுத்து வெறும் ஓலையில கண்ணுக்குத் தெரியாது. கரியை இலைச்சாறில குழைச்சுப் பூசித் துடைச்சா, கீறின இடத்தில மட்டும் கரி நிக்கும். கரியோட மஞ்சள், வசம்பு, ஊமத்தையிலைச் சாறு எண்டு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு கைப்பாகம். அந்த மைதான் சட்டத்தின்ர உள்பக்கத்தில ஒட்டியிருக்கு. மேலயும் கீழயும் சட்டம், நடுவில ஓலை. ஒரு ஓட்டைக்குள்ள நாராசம் எண்டுற குச்சி, மற்றதுக்குள்ள கயிறு. கயிற்றின்ர நுனியில ஓட்டைக்காசு. ஓலையைக் கிளிமூக்கு மாதிரி வெட்டிக் கட்டுறதும் உண்டு, சோழி கட்டுறதும் உண்டு.

சின்னமாமா கரவெட்டி, 8:20
மூண்டும் மூண்டு சாமான் இல்லை. ஒரு ஏட்டுக்கட்டின்ர மிச்சம். ஏடுதான் இல்லை.

சுதா சித்தி கொழும்பு, 8:23
மினுக்கச் சொன்னதுக்குக் குறை நினையாத நிலா. எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு.

நிலா, 8:24
அலுமாரிக்குள்ள வேற ஓலை ஒண்டும் இல்லை மாமா. சாமியறையும் பாத்திட்டன். ஏடு எங்க போயிருக்கும்?

சின்னமாமா கரவெட்டி, 8:30
பறண், றங்குப்பெட்டி எல்லாம் தேடு. ஆனா கிடைச்சா அவிழ்க்காத. அங்க பக்கத்தில சிறுப்பிட்டியில பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடு தேடித் தேடி 1887 இல கலித்தொகையை அச்சில கொண்டு வந்தவர். ஏட்டை எடுத்தா ஓரம் சொரியுது, கட்டை அவிழ்த்தா இதழ் முறியுது எண்டு அந்தப் பெரிய மனுசனே கலங்கி எழுதியிருக்கிறார். நாங்கள் எம்மாத்திரம்.

பெரியம்மா ரொறன்ரோ, 8:52
தேடாத மோனை. அது இல்லை.

பெரியம்மா ரொறன்ரோ, 8:55
இப்பதான் எனக்கு எல்லாம் ஒண்டுசேருது. அம்மாவின்ர ஐயா பரிகாரியார். வைத்திய ஏடு ஒண்டு வீட்டில இருந்தது. எங்களைச் சின்னனில அதைத் தொட விடமாட்டினம். 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச நேரம், 97,000 வரையான புத்தகங்களும் ஏடுகளும் போச்சுதெண்டு ஊரே அழுதுகொண்டு நிண்டது. அம்மா அண்டைக்கே உந்த ஏட்டைச் சிவப்புத் துணியில சுத்தி றங்குப்பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினவ.

பெரியம்மா ரொறன்ரோ, 9:01
95 ஐப்பசியில சண்டைக்க ஊரோட இடம்பெயர்ந்தம். மழை, இருட்டு, செம்மணி றோட்டு முழுக்கச் சனம். ஒரு சைக்கிள். அரிசியும் உடுப்பும் உறுதிக் கட்டும்தான் ஏத்தினது. பெட்டி வீட்டில நிண்டிட்டுது. 96 இல திரும்பி வந்து திறந்தா உள்ளுக்க முழுக்கக் கறையான் மண். கை வைக்க ஓலை பொடியா வந்தது. சட்டம் வேப்பம் பலகை எண்டபடியாப் போலக் கிடக்கு, அதைக் கறையான் தொடேல்லை.

பெரியம்மா ரொறன்ரோ, 9:04
அம்மா அந்த மண்ணை ஒருத்தரையும் அள்ள விடேல்லை. தானே சுளகில அள்ளிக்கொண்டுபோய்க் கிணத்தடி வேம்புக்குக் கீழ கொட்டினவ. பிறகு கனநேரம் அதிலயே இருந்தவ. நான் மண்ணுக்குத்தான் அழுகிறா எண்டு நினைச்சுச் சத்தம் போட்டனான். மிச்சத்தை எடுத்து இப்பிடிப் பேணிக்குள்ள கட்டி வச்சது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

நிலா, 9:10
பெரியம்மா, அவ சுத்தியிருந்த வேட்டித் துண்டில மஞ்சள் கறை கிடக்கு. பூச்சி வராமல் மஞ்சள் தடவியிருக்கிறா. வருசா வருசம் தடவியிருக்கிறா போல, கறை ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடக்கு.

சின்னமாமா கரவெட்டி, 9:13
அதே துணியால கட்டு பிள்ளை. எழுத்தாணியை மடிச்சபடி வை, எண்ணெய் போடாத. நான் நாளைக்கு முதல் பஸ்சில வாறன்.

ரூபன் லண்டன், 9:15
நிலா, ஒவ்வொண்டையும் பக்கத்தில அடிமட்டம் வச்சு, நல்ல வெளிச்சத்தில திரும்பவும் படம் எடு. அம்மா சொன்னதை நான் அப்பிடியே எழுதி வைக்கிறன். ரெண்டும் சேந்து இருக்கட்டும்.

நிலா, 9:56
இரும்புக்காரர் வந்திட்டார். உடைஞ்ச குடமும் ரெண்டு சட்டியும் குடுத்தனான். பேணியைக் காட்டி அதென்ன பிள்ளை எண்டு கேக்கிறார்.

பெரியம்மா ரொறன்ரோ, 9:57
என்ன சொன்னனி?

நிலா, 9:58
எங்கட பூட்டன் எழுதின ஆணி எண்டு சொன்னன். அவர் கை துடைச்சுப்போட்டு, ஒருக்கால் பாக்கட்டோ எண்டு கேட்டார். காட்டினன்.