ஆன்ம வழிகாட்டுதல்: வரம் போதுமா, பயிற்சியும் வேண்டுமா?

மணல்வழி:
எங்கள் ஆலயத்தில் ஒரு அக்கா இருக்கிறார். ஜெபம் கைகூடவில்லை, கடவுள் தூரப் போய்விட்டது போல் இருக்கிறது என்றால் பலரும் அவரிடம்தான் போவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி ஒரு வாரத்துக்கு நம்மை விடாது. இப்போது அவரைக் கூப்பிட்டு, "இரண்டு வருடப் பயிற்சி முடித்தால்தான் இனி உங்களை ஆன்ம வழிகாட்டி என்று சொல்ல முடியும்" என்கிறார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்துக்கு மக்கள் நடந்தே போனார்கள். வனத்து அந்தோனியாரைப் போன்ற துறவிகளிடம் போய், "அப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அம்மா சிங்கிளெட்டிக்கா போன்ற பெண்களிடமும் அப்படித்தான் கேட்டார்கள். யாரும் சான்றிதழ் காட்டச் சொல்லவில்லை. ஜெபித்து, சோதனையில் அடிபட்டு, மனத்தாழ்மை கற்றவர்களைச் சுற்றியிருந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான். தூய ஆவி தரும் வரத்துக்குப் பாடத்திட்டம் போட ஆரம்பித்தால் நல்ல மாணவர்கள் கிடைப்பார்கள். வழிகாட்டிகள் கிடைப்பார்களா?

பெரோயன்:
மணல்வழி பிரதர், நான் இன்னும் ஒரு படி பின்னால் போகிறேன். பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. இப்படி ஒரு ஆளே எதற்கு? "தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே" என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறது. நாம் பெற்ற அபிஷேகம் நம்மில் நிலைத்திருப்பதால் ஒருவரும் நமக்குப் போதிக்க வேண்டுவதில்லை என்று 1 யோவான் 2:27 சொல்கிறது. வேதம் கையில் இருக்கிறது, ஆவியானவர் உள்ளே இருக்கிறார், சபை பக்கத்தில் இருக்கிறது. மாதாமாதம் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து "தேவன் என்னிடம் என்ன சொல்கிறார்?" என்று கேட்கிற பழக்கம் மெல்ல மெல்ல அந்த மனிதரை தேவனுடைய வாயாக்கிவிடும். அந்த ஆபத்தை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

கேட்கும் செவி:
பெரோயன் பிரதர், உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் எதிர்ப்பது ஆன்ம வழிகாட்டுதல் கெட்டுப்போனால் வரும் வடிவத்தை. நான் பயிற்சி பெற்று இந்தப் பணியைச் செய்கிறேன். அதனால் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலும் மாதம் ஒரு முறை சந்திப்போம். தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம். அப்புறம் வந்தவர் பேசுவார். ஓர் உதாரணம் சொல்கிறேன், இது யாருடைய கதையும் அல்ல. "சில மாதங்களாக ஜெபம் வறண்டு கிடக்கிறது" என்கிறார் ஒருவர். அறிவுரை சொல்பவராக இருந்தால், சீக்கிரம் எழுந்திருங்கள், சங்கீதம் வாசியுங்கள் என்பார். வழிகாட்டி கேட்பது வேறு: "வறண்டு போவதற்கு முன்னால் ஜெபத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?" அவர் யோசிக்கிறார். அப்பா இறந்த பிறகு "பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கும்போதே தொண்டை அடைக்கிறது என்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால், கடவுள் மேல் கோபம் இருக்கிறது என்பதும் வருகிறது. "அந்தக் கோபத்தை அவரிடமே சொன்னீர்களா?" சொல்லவில்லை. அன்றைய சந்திப்பு அதோடு முடியலாம். அவர் திரும்பப் போவது கடவுளிடம்தான், என்னிடம் இல்லை.

ஏலியை நினைத்துப் பாருங்கள். இரவில் ஆண்டவர் கூப்பிடுவதை அந்த முதிய குருவின் குரல் என்று நினைத்து, சிறுவன் சாமுவேல் மூன்று முறை அவரிடம் ஓடி வருகிறான். ஆண்டவர் உனக்கு என்ன சொல்லப் போகிறார் என்று ஏலி விளக்கவில்லை. போய்ப் படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் "பேசும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல் என்கிறார். அவ்வளவுதான் வேலை. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் "ஆன்மப் பயிற்சிகள்" என்ற ஜெப வழிமுறைகள் 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்றவை. அவற்றின் 15ஆவது முன்குறிப்பு இதையே விதியாக வைக்கிறது: இந்த ஜெபப் பயிற்சியைக் கொடுப்பவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, துறவறத்துக்குப் போ என்றுகூடத் தள்ளக்கூடாது. படைத்தவர் தம் படைப்போடு நேரடியாகப் பேச விட்டுவிட வேண்டும். மத்தியஸ்தர் ஒருவரே என்பதை இதைவிட மதிக்கிற விதி வேறு என்ன இருக்க முடியும்?

இது கத்தோலிக்கரின் சொத்தும் அல்ல. புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இளம் துறவியாகப் பாவ உணர்வில் துவண்டு கிடந்தபோது அவரைத் தூக்கி நிறுத்தியவர் அவருடைய துறவற சபை மேலாளர் யோகான் வான் ஸ்டாபிட்ஸ். லூத்தர் அந்த நன்றியைக் கடைசிவரை மறக்கவில்லை. 1742-இல் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். வசூலுக்குப் போன தலைவர்கள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தார்கள். மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லி அதையே வாரந்தோறும் "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்கும் குழுக்களாக மாற்றினார்.

பெரோயன்:
ஸ்டாபிட்ஸை நீங்களே எடுத்தது நல்லது, சகோதரி. அவர் லூத்தருக்குக் கேட்கும் உத்தி எதையும் கையாளவில்லை. கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று சொன்னார். அவர் விட்டன்பர்க்கில் வேதம் போதித்த பேராசிரியர். 1512-இல் அந்த இடத்துக்குத்தான் லூத்தர் வந்தார். அப்படியானால் பயிற்சி வேண்டியது வேதத்தில்தானே? உங்கள் உதாரணத்தில் அந்த மனிதருக்கு ஒரு வசனம்கூடக் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது அவருடைய உணர்ச்சிதான். உணர்ச்சியைத் தேவனுடைய சத்தம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் எத்தனை பேர்!

வெஸ்லியின் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தவறாகச் சொன்னால் மற்றவர் திருத்தலாம். நீங்கள் சொல்வதோ மூடிய அறையில் இரண்டு பேர்.

உப்பு:
மூடிய அறை என்று பெரோயன் ஐயா சொன்னதால் எழுதுகிறேன். இளம் வயதில் நான் ஒருவரிடம் வழிகாட்டுதலுக்குப் போனேன். எல்லோரும் பரிசுத்தவான் என்று மதித்தவர். என் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் "இது கீழ்ப்படியாமை" என்று பதில் வந்தது. யாரோடு பழகலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்பதுவரை அவர்தான் முடிவு செய்தார். விலகி வந்த பிறகும் வெகுகாலம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஜெபிக்கக் கண்ணை மூடினால் அவர் குரல்தான் கேட்டது.

என்னுடையது சின்ன விஷயம். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் குடும்பங்களைத் தொடங்கிய ஜான் வனியேவை உலகமே போற்றியது. அவர் இறந்த மறு வருடம், 2020 பிப்ரவரியில், லார்ஷ் அமைப்பு தானே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவை வெளியிட்டது. ஆன்ம வழிகாட்டுதல் என்ற பெயரிலேயே அவர் ஆறு பெண்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக அந்த அறிக்கை சொன்னது. அவருக்கு வழிகாட்டியாக இருந்த தோமா பிலிப், டொமினிக்கன் சபைக் குரு, இறையியல் படித்தவர். அவர்மீதும் அதே வகைக் குற்றங்கள் நிரூபணமாகியிருந்தன.

மணல்வழி, வரம் தெரிந்தால் போதும் என்கிறீர்கள். வனியேவிடம் வரம் இருப்பதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். பெரோயன் ஐயா, நீங்கள் கேட்கிற கல்வி தோமா பிலிப்பிடம் இருந்தது.

கேட்கும் செவி:
உப்பு, எழுதியதற்கு நன்றி. உங்களுக்கு நடந்ததைச் சின்ன விஷயம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொன்னதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நல்ல பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வகுப்பும் வாசிப்பும் பயிற்சியில் ஒரு பகுதிதான். கடினமான பகுதி வேறு. பயிற்சியில் இருப்பவர் முதலில் தானே ஒரு வழிகாட்டியிடம் போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், தான் சந்திக்கும் ஒருவரோடு நடந்த உரையாடலில் பத்து நிமிடத்தை, அவருடைய சம்மதத்தோடு, பெயரும் அடையாளமும் தெரியாதபடி வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் கொண்டுவர வேண்டும். அவர் சொன்னது ஒரு பக்கம், நான் சொன்னது ஒரு பக்கம், அந்த நொடியில் எனக்குள் ஓடியது இன்னொரு பக்கம். மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு வந்தவரைப் பற்றிக் கேட்பதில்லை, என்னைப் பற்றிக் கேட்கிறார். "அவர் அழுதவுடன் நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?" "'எனக்கும் இப்படி நடந்தது' என்று இங்கே சொல்லியிருக்கிறீர்களே, அது யாருக்குத் தேவைப்பட்டது?" மற்றவர்களை ஆட்டிவைக்கும் ஆசை, நல்ல பெயர் வாங்கும் ஆசை, தன்னை நம்பி வருகிறவர் போய்விடுவாரோ என்ற பயம் எல்லாம் அந்தத் தாளில் வெளியே வரும். பயிற்சி முடிந்த பிறகும் இந்த மேற்பார்வை தொடர வேண்டும். இதை நிறுத்திக்கொண்டவரிடம் யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

மணல்வழி, பாலைவனத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். பாலைவனத் துறவிகளோடு வாழ்ந்த யோவான் காசியான் எழுதி வைத்தது. இச்சையோடு போராடிய ஓர் இளம் துறவி, வயதான துறவி ஒருவரிடம் மனம் திறந்து சொல்கிறார். அந்தப் பெரியவர், "நீயெல்லாம் துறவியா?" என்று திட்டி அனுப்பிவிடுகிறார். இளைஞர் நம்பிக்கை இழந்து உலக வாழ்வுக்கே திரும்பிப் போகிறார். வழியில் அப்பா அப்பொல்லோ அவர் முகவாட்டத்தைப் பார்த்து நிறுத்தி விசாரிக்கிறார். "இந்த வயதிலும் எனக்கு அந்தச் சோதனை வருகிறது" என்று தேற்றி, ஒரு நாள் பொறுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். திட்டியவருக்கும் பல வருடத் துறவு இருந்தது, நரை இருந்தது. அவை மட்டும் போதாது என்பதற்காகத்தான் காசியான் இதை எழுதினார்.

மணல்வழி:
அந்தக் கதை எனக்கும் பிடித்தது. ஆனால் அப்பொல்லோ எந்த வகுப்பில் படித்தார்? தன் பலவீனத்திலிருந்துதான் கற்றார். எழுதிக் கொண்டுவரச் சொல்லும் முறை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பயம் இன்னும் போகவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை அருளப்பர் ஆன்மாவைக் கெடுக்கிற மூன்று குருடர்களில் வழிகாட்டியையே முதலாவதாக வைக்கிறார். கடவுள் ஓர் ஆன்மாவை அமைதியான ஜெபத்துக்குள் இழுக்கும்போது, ஒரு முறையை மட்டுமே கற்ற வழிகாட்டி, "சும்மா இருக்காதே, தியானம் செய், யோசி" என்று கொல்லனைப் போலச் சம்மட்டியால் அடிக்கிறார் என்று கோபப்படுகிறார். ஒரே அச்சில் வார்த்த பயிற்சி அப்படிப்பட்ட கொல்லர்களையும் உருவாக்கும்.

கேட்கும் செவி:
உருவாக்கும். அதனால்தான் எல்லா மரபுகளையும் கொஞ்சமாவது படிக்க வைக்கிறோம். அதே காலத்து ஸ்பானியத் துறவி அவிலா தெரேசாள், அரைகுறையாகப் படித்த ஒப்புரவுக் குருக்கள் (பாவ அறிக்கை கேட்பவர்கள்) தனக்கு நிறையத் தீங்கு செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பக்தி மட்டும் உள்ளவரைவிட நன்கு படித்தவரையே அவர் விரும்பினார். அப்புறம், மன அழுத்த நோய், தற்கொலை எண்ணம், வீட்டில் வன்முறை இவற்றை அடையாளம் கண்டு உடனே உரிய உதவிக்கு அனுப்பத் தெரிய வேண்டும். ஆன்ம வறட்சியும் மன அழுத்த நோயும் வெளியே ஒன்று போலவே தெரியும். அவற்றைப் பிரித்தறிய வரம் மட்டும் போதும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பெரோயன்:
ஒரு சின்னக் கேள்வி. சிலர் இதற்குக் கட்டணம் வாங்குகிறார்களே? "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்றுதானே இயேசு சொன்னார்?

கேட்கும் செவி:
சிலர் வாங்குகிறார்கள், சிலர் வாங்குவதில்லை. நான் வாங்குவதில்லை. வேறு வருமானம் இல்லாமல் இதையே முழுநேரமாகச் செய்பவரைக் குறை சொல்லவும் மாட்டேன். பணம் இல்லாததால் ஒருவர் திரும்பிப் போனார் என்றால் அது தவறு.

உப்பு:
கட்டணம் இருக்கட்டும். நான் சொன்ன ஆபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மேற்பார்வையாளரிடம் வழிகாட்டி எழுதிக் கொண்டுபோவதுதானே போகிறது? மறைக்க நினைப்பவர் அந்தப் பத்து நிமிடத்தை எழுதவே மாட்டார். பாதிக்கப்பட்டவர் யாரிடம் போவது?

கேட்கும் செவி:
மேற்பார்வை நேர்மையானவரைத்தான் காப்பாற்றும், நேர்மையற்றவரைப் பிடித்துக் கொடுக்காது. நீங்கள் சொல்வது சரி. அதனால் வழிகாட்டியோடு தொடர்பில்லாத ஒருவரிடம் முறையிட வழி இருக்க வேண்டும். அந்த வழியை முதல் சந்திப்பிலேயே, கேட்காமலே, வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் வழிகாட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிகாரத்தையும் ஆன்ம வழிகாட்டுதலையும் ஒரே கையில் கொடுக்கக்கூடாது என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1983-இன் சட்டத் தொகுப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது: துறவற சபைத் தலைவர்கள் தங்களிடம் மனச்சான்றைத் திறந்து காட்டும்படி உறுப்பினர்களைத் தூண்டக்கூடாது என்கிறது சட்டம் 630. குருமாணவருக்குத் திருப்பட்டம் கொடுப்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது அவருடைய ஆன்ம குருவின் கருத்தைக் கேட்கவே கூடாது என்கிறது சட்டம் 240. ஏட்டில் இருப்பதை நடைமுறையில் மீறியவர்கள் உண்டு. உங்கள் வேலையையும் நட்பையும் தீர்மானித்தவர் வழிகாட்டவில்லை, உங்களை ஆண்டார்.

உப்பு:
அப்படியானால் அந்த முறையிடும் வழியை வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எழுதிக் கையில் கொடுங்கள். அன்று எனக்குச் சொல்லியிருந்தாலும் நான் மறந்திருப்பேன், அவ்வளவு மயக்கத்தில் இருந்தேன்.

பெரோயன்:
இந்த விஷயத்தில் நான் உப்பு பக்கம். மற்றபடி என் நிலை மாறவில்லை, சகோதரி. நீங்கள் சொல்லும் எல்லாக் காவலும் சபைக்குள், மூப்பர்களின் கண்முன், பலர் அறிய நடக்கும் ஐக்கியத்தில் இயல்பாகவே கிடைக்க வேண்டியவை. பயிற்சி கொடுப்பதானால் சபையார் எல்லோருக்கும் கொடுங்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்க, கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்க, வேதத்தை வைத்து ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க. யாக்கோபு 5:16 அதைத்தானே கேட்கிறது?

கேட்கும் செவி:
அப்படி ஒரு சபை இருந்தால் அங்கே வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். உங்கள் மூப்பர்களும் வந்து உட்காருவார்களா?

பெரோயன்:
கேட்டுவிட்டு எழுதுகிறேன்.