கணுக்கால் முறிவுக்கு டிசெபிலிட்டி பென்ஷன் மறுப்பு: மேல்முறையீட்டை எங்கிருந்து தொடங்குவது?

பண்ருட்டி மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1990-இல் தரைப்படையில் சேர்ந்து, 17 ஆண்டுப் பணிக்காலம் முடிந்து 2007-இல் நாயக் என்ற பதவியில் ஓய்வு பெற்றவர். 1998-இல் யூனிட்டில் நடந்த தடை தாண்டும் பயிற்சியில் சுவரிலிருந்து குதித்தபோது இடது கால் மடங்கி, வெளிக்கணு எலும்பு முறிந்தது. ராணுவ மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதன்பின் ஓய்வு பெறும் வரை அவர் லோ மெடிக்கல் கேட்டகரியிலேயே (குறைந்த உடற்தகுதிப் பிரிவு) இருந்தார்.

ஓய்வின்போது கூடிய ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஓய்வு பெறுபவரைப் பரிசோதிக்கும் மருத்துவ வாரியம்), "பழைய முறிவு, இடது கணுக்கால் மூட்டுத் தேய்வு, 20 சதவீதம், ஆயுள் முழுவதற்கும்" என்று எழுதிவிட்டு, படிவத்தின் அடுத்த கட்டத்தில் இது பணியால் ஏற்பட்டதும் அன்று, பணியால் மோசமடைந்ததும் அன்று என்று குறித்திருக்கிறது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் "வயது சார்ந்த தேய்வு" என்ற சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்போது அவருக்கு வயது 36. இதை வைத்தே டிசெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) மறுக்கப்பட்டது. பணிக்காலத்துக்கான சர்வீஸ் பென்ஷன் வருகிறதே, போதும் என்று அப்பா அந்தக் கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார்.

இப்போது முந்திரித் தோப்பில் மேடு பள்ளமான இடத்தில் அவரால் நடக்க முடிவதில்லை. மாலையானால் இடது கால் செருப்பின் வார் மட்டும் ஏறாத அளவுக்கு வீங்கிவிடுகிறது. புதிதாக எம்ஆர்ஐ எடுத்து, அதை வைத்து மேல்முறையீடு செய்யலாமா? கணுக்கால் எவ்வளவு அசைகிறது என்பதைப் பொறுத்து 10 அல்லது 20 சதவீதம் தரும் ஓர் அட்டவணையை இணையத்தில் பார்த்தேன். அது நமக்கும் பொருந்துமா?

ஓய்வு சுபேதார், அரியாங்குப்பம்:

அம்மா, நீங்கள் பார்த்தது அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் அட்டவணை. அங்கே 10 சதவீதத்திற்கும் மாதப் பணம் உண்டு. நம் விதியில், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு ஊனம் 20 சதவீதத்திற்குக் குறைந்தால் அதற்கென ஒன்றும் கிடையாது. எனவே அதை உங்கள் மனுவில் சேர்க்காதீர்கள்.

நமக்கு இரண்டு கேள்விகள்தான்: ஊனம் 20 சதவீதமாவது இருக்கிறதா, அது பணியோடு தொடர்புடையதா. முதல் கேள்வியில் போர்டே உங்கள் பக்கம் நிற்கிறது. மறுப்பு வந்தது இரண்டாவதில் மட்டும். அப்படியிருக்க, இன்றைய வலியையும் வீக்கத்தையும் பக்கம் பக்கமாக எழுதினால், வென்றுவிட்ட கேள்விக்கே மறுபடி விடை சொல்வதாகிவிடும். வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் பணியாற்றிய காலத்தில் இப்படிப்பட்ட மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கையில் மனம் உருகும், கோப்பில் ஒன்றும் நகராது.

உங்களுக்கு வேண்டியது 1998-ஆம் ஆண்டுக் காகிதம். பணியில் காயம் பட்டால் ஐஏஎஃப்ஒய்-2006 என்ற படிவத்தில் இன்ஜுரி ரிப்போர்ட் போடுவார்கள் (2006 என்பது படிவ எண், ஆண்டு அன்று). காயம் பட்டபோது அவர் பணியில் இருந்தாரா என்பதற்குக் கமாண்டிங் ஆபீசரின் குறிப்பு அதில் இருக்கும். அதையும், கேட்டகரி குறைத்தபோது நடந்த மெடிக்கல் போர்டு ஆவணங்களையும், ரிலீஸ் மெடிக்கல் போர்டின் முழு நகலையும் கேட்டு, அப்பாவின் பெயரிலேயே அவருடைய ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் விண்ணப்பியுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் (ஓய்வின்போது தரும் பணிச்சான்றுப் புத்தகம்) உள்ள எண், ரேங்க், பெயரின் எழுத்துகள் அப்படியே இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியதற்கே திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

எலும்பு மருத்துவர், புதுச்சேரி:

சகோதரி, சுபேதார் ஐயா சொன்னதோடு மருத்துவம் சார்ந்து ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் மனுவின் உயிர்நாடி அதுவாகவே இருக்கலாம் என்பது என் கருத்து. முழங்கால் மூட்டு வயதால் தேய்வது சாதாரணம். கணுக்கால் அப்படியன்று. முன்பு முறிவோ கடுமையான சுளுக்கோ நேராத கணுக்காலில் தேய்வு தானாகத் தோன்றுவது அரிது. கணுக்கால் தேய்வுகளில் பெரும்பாலானவை பழைய காயத்தின் தொடர்ச்சியாகவே வருகின்றன. வெளிக்கணு எலும்பு சிறிதளவு விலகிக் கூடினாலும், கணுக்கால் மூட்டின் அடிப்பகுதியான தாலஸ் எலும்பு மூட்டுக்குள் சரியாகப் பொருந்தாமல், உடல் எடை ஒரே பக்கத்தில் அழுந்தி, குருத்தெலும்பு ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். 36 வயதில், முறிந்த அதே காலில் மட்டும் வந்த தேய்வை வயதின் கணக்கில் எழுதியது எனக்கு வியப்பாக இருக்கிறது.

எம்ஆர்ஐக்குச் செலவு செய்வதைவிட, இரண்டு கணுக்கால்களையும் நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுங்கள். வலது மூட்டில் இடைவெளி சீராக இருந்து இடதில் மட்டும் குறைந்திருந்தால், "வயது" என்ற காரணம் அங்கேயே அடிபட்டுப் போகும். இரண்டு கால்களுக்கும் வயது ஒன்றுதானே. கோணமானியால் அளந்த அசைவையும் குறிக்கச் சொல்லுங்கள்: இயல்பான பாதம் மேல்நோக்கி ஏறத்தாழ 20 பாகையும் கீழ்நோக்கி 45 பாகையும் மடங்கும். ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனையின் எலும்பியல் துறையில், பழைய முறிவுக்கும் இன்றைய தேய்வுக்கும் உள்ள தொடர்பைக் காரணத்தோடு எழுதி வாங்கினால் அதற்குத் தனி மதிப்பு இருக்கும்.

சிதம்பரம் வாசகி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கணவருக்கும் கணுக்கால் காயம்தான். பணியால் ஏற்பட்டது என்று ஒப்புக்கொண்ட போர்டு, 11 முதல் 14 சதவீதம் என்று எழுதிவிட்டது. அவரும் முழுப் பணிக்காலம் முடித்தவர். எங்களுக்கும் இதே வழி உண்டா?

வழக்கறிஞர், கடலூர்:

சிதம்பரம் சகோதரிக்கு முதலில்: உங்களுடையது கடினமான பக்கம். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு ஊனம் 20 சதவீதத்திற்குக் குறைவாக இருந்தால் டிசெபிலிட்டி எலிமெண்ட் (ஓய்வூதியத்தில் ஊனத்திற்கென வரும் பகுதி) கிடையாது என்று விங் கமாண்டர் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. சதவீத மதிப்பீடே தவறு என்று மருத்துவச் சான்றுகளோடு காட்டி, மறு மருத்துவ வாரியம் கேட்பதே எஞ்சியுள்ள வழி.

பண்ருட்டி சகோதரியின் நிலை வேறு. உங்கள் தந்தை 2007-இல் ஓய்வு பெற்றதால், அவருக்கு 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் பொருந்தும். சேரும்போது ஆவணத்தில் நோய்க் குறிப்பு எதுவும் இல்லையென்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும்; நிரூபிக்கும் சுமை அவர்மேல் இல்லை; சந்தேகத்தின் பலன் அவருக்கே. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை விரிவாக எடுத்துக்காட்டி, மருத்துவ வாரியம் காரணம் எழுதியாக வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2008 ஜனவரி முதலும், பின்னர் 2023 செப்டம்பர் முதலும் ஓய்வு பெற்றவர்களுக்கு விதிகள் வேறு. இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் ஓய்வுத் தேதியைப் பார்த்துக்கொள்ளவும்.

தொகையையும் சொல்லிவிடுகிறேன். முழு ஊனத்திற்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அதன்படி 20 சதவீத ஊனத்திற்கு 6 சதவீதம்தான் வரும். ஆனால் 50 சதவீதத்திற்குக் குறைந்ததை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் 2001 ஜனவரி 31 ஆணையின் பயன், பணிக்காலம் முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. அதன்படி உங்கள் தந்தைக்கு 15 சதவீதம் வரும். இதை மனுவிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்க நேர்ந்தால் மறுபடி ஒரு அலைச்சல்.

முதல் மேல்முறையீட்டுக்கு மறுப்புக் கடிதத்திலிருந்து ஆறு மாதம்தான் கெடு. உங்களுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. ஆயினும் ஓய்வூதியம் மாதந்தோறும் மறுக்கப்படுவதால் இது தொடரும் தவறு என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் ஏற்கப்பட்டிருக்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு போகலாம். நிலுவைத் தொகை மட்டும் வழக்கமாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். ஆகையால் இனித் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவையை இழப்பதுதான்.

பண்ருட்டி மகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. பெட்டியில் தேடியதில் இன்ஜுரி ரிப்போர்ட்டின் மங்கிய கார்பன் நகல் கிடைத்தது. "பணியில் இருந்தார்" என்ற வரி தெளிவாகவே தெரிகிறது. மேல்முறையீட்டைக் கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தால் போதுமா, நேரடியாக அனுப்ப வேண்டுமா?

வழக்கறிஞர், கடலூர்:

அந்தக் கார்பன் நகலை இன்றே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். மேல்முறையீட்டை அப்பாவின் கையொப்பத்துடன் ரெக்கார்டு ஆபீஸுக்கு டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒரு பிரதியை நல அலுவலகத்தில் கொடுத்து முத்திரை பெறுங்கள். காலங்கடந்தது என்று திருப்பி அனுப்பினாலும், ஆறு மாதம் பதிலே வராமல் போனாலும், அதைக் கொண்டே ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம்; தமிழ்நாடும் புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான். வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உதவி கேளுங்கள்.

ஓய்வு சுபேதார், அரியாங்குப்பம்:

டெலிவரிச் சான்று வராவிட்டால், தபால் நிலைய ரசீதில் உள்ள எண்ணைக் கொண்டு டெலிவரி விவரத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. ஆறு மாதக் கணக்குக்கு அந்தத் தேதி தேவைப்படும்.